இரத்த அழுத்த மாத்திரையும் மார்பகப் புற்றுநோய் அச்சமும்: செய்ய வேண்டியவை

கோலாலம்பூரின் அரசாங்கக் கிளினிக்குகளில் பல ஆண்டுகளாக அம்லோடிபின் என்னும் இரத்த அழுத்த மாத்திரையைப் பெற்று வரும் பெண்கள், அது மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடும் என்ற செய்தியைக் கேட்டவுடன் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கும். சியாட்டல் வட்டாரத்தில் 55 முதல் 74 வயதுப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, அம்லோடிபினும் சேர்ந்த கால்சியம் தடுப்பு வகை மாத்திரைகளை 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ உட்கொண்டோருக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்ததெனக் கூறியது. ஆயினும் அது தொடர்பைக் காட்டியதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை, பின்வந்த பெரிய ஆய்வுகள் பலவும் அதை உறுதிப்படுத்தவில்லை.

மாத்திரையின் பெயரையும் உட்கொள்ளத் தொடங்கிய ஆண்டையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருந்தால் அதையும் தயங்காமல் சொல்லி, மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே பரிசோதனை) எப்போது தேவை எனக் கேளுங்கள். மார்பில் கட்டியோ காம்பில் இரத்தக் கசிவோ தென்பட்டால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம்.