பேஸ் கிட்டார்: யூடியூப் பார்த்துப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கிட்டார் சொல்லிக்கொடுப்பவர் தேடினால் கிடைப்பார். அடி ஒலி தரும் நான்கு ஸ்ட்ரிங் கிட்டாரான பேஸுக்கென்று ஒருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் சர்ச் குழுவில் வாசிப்பவரும் மாரியம்மன் திருவிழா ஆர்கெஸ்ட்ராவுக்குத் தயாராகிறவரும் யூடியூப்பை நம்பித்தான் பழகுகிறார்கள். பாடங்கள் பெரும்பாலும் நல்லவைதான். ஆனால் திரையில் விரலின் ஓட்டம்தான் கண்ணில் படும். சுரம் எங்கே நிற்கிறது என்பதைக் காதால்தான் பிடிக்க முடியும். அதைக் கவனிக்காமல் விரலை மட்டும் ஓட்டுவதால்தான் பழக்கம் கோணலாகிறது.

முதல் தவறு செல்போன் ஸ்பீக்கரில் பாடம் கேட்பது. தடித்த இ ஸ்ட்ரிங் விநாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. மற்ற மூன்று ஸ்ட்ரிங்குகளில் ஏ 55, டி 73, ஜி 98. போனின் சின்ன ஸ்பீக்கரால் இந்த அடி ஒலியை எழுப்ப முடியாது. கூடவே வரும் மேல் ஒலிகள் மட்டுமே காதில் விழும். விளைவு, மேல் ஸ்தாயியில் வாசிக்கிறாரா கீழ் ஸ்தாயியிலா என்றே குழம்பும். வயர் உள்ள ஹெட்போன் போதும். பேஸைப் போன் வழியாகச் செலுத்தி ப்ளூடூத்தில் கேட்டால், தட்டிய சுரம் தாமதமாக வந்து சேரும். அதை ஈடுகட்ட விரல் தாளத்துக்கு முன்னால் ஓடப் பழகிவிடும். சுருதி சேர்க்க உதவும் ட்யூனர் ஆப் இ ஸ்ட்ரிங்கைப் பிடிக்காமல் தடுமாறினால், 12-வது ஃப்ரெட் கம்பிக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் 12-வது) நேர் மேலே ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் தொட்டபடி தட்டுங்கள். அந்த ஒலியை அது உடனே பிடிக்கும்.

ஸ்ட்ரிங்குக்கு ஒரு கோடு போட்டு, அதில் ஃப்ரெட் எண்ணை எழுதும் குறிப்புதான் டேப். அதில் ஆகக் கீழே இருக்கும் கோடுதான் தடித்த இ. தலைகீழாகப் படிப்பவர்கள் நிறையப் பேர்.

இனி, எல்லாப் பாடத்திலும் வரும் 1-2-3-4 பயிற்சி. ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்ற இந்தப் பயிற்சியை முதல் ஃப்ரெட்டிலேயே தொடங்குவதுதான் பலரின் மணிக்கட்டைக் கெடுக்கிறது. ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள வழக்கமான பேஸில் 1-வது ஃப்ரெட் கம்பியிலிருந்து 4-வது கம்பிவரை சுமார் 13 செ.மீ. 5-லிருந்து 8-வரை 10 செ.மீ.தான். ஆகவே 5-வது ஃப்ரெட்டில் தொடங்குங்கள். அதற்கு முந்தைய ஃப்ரெட்களில், நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸ் வாசிப்பவர்களைப் போல ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மட்டும் வைத்து மூன்று ஃப்ரெட்டை எட்டினால் போதும். மோதிர விரல் சுண்டு விரலோடு சேர்ந்து அழுத்தும். நான்கு விரலையும் விரித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

விரல் நுனி ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் விழ வேண்டும். இரண்டு கம்பிக்கும் நடுவில் வைத்தால் கூடுதலாக அழுத்த வேண்டும், இரைச்சலும் வரும். நீங்கள் இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று அறிய, கட்டை விரலை எடுத்துவிட்டு நான்கு சுரம் வாசித்துப் பாருங்கள். கையின் எடையிலேயே சுரம் தெளிவாக வந்தால் பிடி சரி. சுண்டு விரல் அழுத்தும்போது மற்ற மூன்றும் எழும்பக் கூடாது.

தாளம் தட்டும் மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. நான்கு ஸ்ட்ரிங்கிலும் ஏறி இறங்கி மூன்று முறை சுத்தமாக வந்த பிறகு 4 மட்டும் கூட்டுங்கள். ஒரேயடியாக 20 கூட்டினால் பிழையும் சேர்ந்து வேகமாகும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தாராளம். மீதி நேரம் பாட்டுக்கு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் விரல் விறைத்திருக்கும். கையைச் சூடாக்காமல் வேகப் பயிற்சியில் இறங்காதீர்கள். தசை களைப்பது இயல்பு. மணிக்கட்டில் சுளீரென்று வலித்தாலோ விரல் மரத்தாலோ நிறுத்திவிட வேண்டும். அது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வலது கை விஷயம் வேறு. ஆள்காட்டி, நடு என மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்வார்கள். நல்ல அடித்தளம்தான், ஆனால் சட்டமில்லை. அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றிலேயே வாசித்தவர். மெல்லிய ஸ்ட்ரிங்கிலிருந்து தடித்ததற்கு இறங்கும்போது அதே விரலை இழுத்து இறக்குவது எளிது.

நம் ஊர் மேடைக்கு முக்கியமானது 6/8 தாளம். இணையப் பயிற்சிகள் பெரும்பாலும் நான்கு நான்காக எண்ணும் 4/4-ல்தான் இருக்கும். திருவிழாப் பாட்டில் சுரங்கள் மூன்று மூன்றாக வரும். இரண்டு விரலை மாற்றி மாற்றி வாசித்தால் அழுத்தம் ஒரு முறை ஆள்காட்டியிலும் மறு முறை நடுவிரலிலும் விழும். நடுவிரலில் விழும் அழுத்தம் சோர்ந்தால் தாளமே நொண்டும். ஒரே சுரத்தை மூன்று மூன்றாகத் தட்டி, இரண்டு விரலிலும் முதல் சுரம் ஒரே கனத்தில் வரும்வரை பழகுங்கள்.

அடுத்த தவறு, ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமலே பழகுவது. தொடாத ஸ்ட்ரிங்குகள் ரீங்கரிப்பது அறையில் தெரியாது. மேடை பாக்ஸில் வண்டு போலக் கேட்கும். ஏ ஸ்ட்ரிங்கில் வாசிக்கும்போது கட்டை விரல் இ மேல் இருக்கட்டும், டி-க்குப் போனால் இ, ஏ இரண்டையும் தொட்டிருக்கட்டும். தட்டிய விரல் அடுத்த தடித்த ஸ்ட்ரிங்கில் போய்ச் சாய்ந்தால் அதுவும் அடங்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இடது கைப் பயிற்சி மட்டும் செய்யலாம். சத்தம் கேட்கவில்லையே என்று ஓங்கித் தட்டினால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

எத்தனை பழகியும் இடது கை வலித்தால், விரலைக் குறைசொல்லும் முன் கருவியை அளந்து பாருங்கள். 12-வது ஃப்ரெட் கம்பிக்கு மேல் இ ஸ்ட்ரிங் சுமார் 2.5 மி.மீ., ஜி 2 மி.மீ. உயரத்தில் இருந்தால் வசதி. 4 மி.மீ.க்கு மேல் போனால் எந்தப் பயிற்சியும் தண்டனைதான். கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்புவதானால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியபின் ட்யூன் செய்து, மறுநாள் மறுபடி அளந்த பிறகே அடுத்த கால் சுற்று.