பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டால் போதுமா? இ-செல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தப் பொறியியல் கல்லூரிக்குப் போனாலும் இப்போது ஒரு இ-செல், அதாவது மாணவர்களின் தொழில்முனைவுக் கிளப், இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2018இல் கல்லூரிகளில் புத்தாக்க மன்றம் அமைக்கும் ஐஐசி திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு கலை அறிவியல் கல்லூரிகளிலும் தொழில்முனைவுக் கிளப்புகள் பெருகிவிட்டன. நடத்திய நிகழ்ச்சிகளைப் போட்டோவுடன் அந்தத் திட்டத்தின் தளத்தில் பதிவேற்ற வேண்டும். அதை வைத்துக் கல்லூரிக்கு நட்சத்திர மதிப்பீடு வரும். அதனால் பல கிளப்புகள் விழாக் கமிட்டியாகவே மாறிவிட்டன. இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

ஒரு ஃபவுண்டர், அதாவது சொந்தமாக நிறுவனம் தொடங்கியவர், பேச வருகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, முதல்வர் உரை. ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு) கிடைக்கும் என்று வந்து உட்கார்ந்த இருநூறு பேர். விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசுகிறார். கேள்வி நேரம் ஐந்து நிமிடம். மைக் வாங்குகிற மாணவர் கேட்பது: “சார், உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?” அவர் விடாமுயற்சி என்கிறார். கைதட்டல், நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, லிங்க்ட்இன் பதிவு. அவர் தலைக்குள் இருந்த உருப்படியான விஷயங்கள் அத்தனையும் அதே காரில் திரும்பிப் போய்விடும்.

கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். முதல் வாடிக்கையாளர் யார், அவர் எப்படி உங்களைக் கண்டுபிடித்தார், முதல் விலையை எப்படி முடிவு செய்தீர்கள், சம்பளம் போடப் பணம் இல்லாத மாதம் என்ன செய்தீர்கள், எந்த ஆளை வேலைக்கு எடுத்தது தப்பாகப் போனது? இப்படிக் கேட்டால் அவரும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்கு ஆடிட்டோரியம் ஒத்துவராது. ஒரு வகுப்பறை, இருபது பேர், அவரைப் பற்றி முன்கூட்டியே படித்துவிட்டு வந்தவர்கள் மட்டும் போதும். சொற்பொழிவே வேண்டாம், நேரே கேள்விக்குப் போய்விடலாம் என்று முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலான ஃபவுண்டர்களுக்கு நிம்மதிதான்.

அடுத்த தவறு, கதையில் சுவையான பகுதியை மட்டும் பிடித்துக்கொள்வது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் கதை சென்னை மாணவர்களுக்கு மனப்பாடம். அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது டிவி உடைந்து வந்தது, இழப்பீட்டுக்கு அலைந்தார், வாடிக்கையாளர் சேவை மென்பொருள் யோசனை பிறந்தது, 2010இல் கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியல். எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தில் இருந்து இதே வகை ஹெல்ப்டெஸ்க் மென்பொருளில் வேலை பார்த்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தச் சந்தையில் விலை என்ன, யாருக்கு என்ன குறை என்று அவருக்கு அத்துப்படி. நம் வீட்டு டிவியும்தான் உடைகிறது, நமக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை என்றால் காரணம் அந்த அனுபவத்தில் இருக்கிறது. கேள்வியும் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

மின் ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜி இன்னொரு நல்ல பாடம். ஐஐடி மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கினார்கள். முதலில் நினைத்தது பேட்டரி பேக் மட்டும்தான். சந்தையில் இருந்த மின் ஸ்கூட்டர்களைப் பார்த்த பிறகு, பேட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை, முழு வண்டியையே செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். மாதிரி வண்டியை வெளியே காட்டியது 2016இல். வாடிக்கையாளர் கைக்கு வண்டி போனது 2018இல். நடுவே அந்த ஐந்து வருடம் எந்தப் பணத்தில் ஓடியது, முதலீட்டாளரிடம் என்ன சொல்லிக் காலம் வாங்கினார்கள், எந்த பாகத்துக்கு சப்ளையர் கிடைக்காமல் தவித்தார்கள் என்பதுதான் ஹார்டுவேரில் இறங்க நினைக்கும் மாணவருக்குத் தேவை. வெளியீட்டு விழா வீடியோவில் அது கிடைக்காது.

பெரிய பெயர்களைத் துரத்துவதும் ஒரு வியாதி. கோவையில் இருக்கும் கல்லூரி பெங்களூரு ஃபவுண்டருக்கு விமான டிக்கெட் போட்டுக் கூப்பிடுகிறது. பக்கத்துத் தெருவில் முப்பது வருடமாக பம்ப் உதிரிபாகம் செய்கிற பட்டறைக்காரரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவரிடம் போய் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று சொல்கிறேன். சிறு நிறுவனங்களிடம் வாங்கும் பொருளுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. “அண்ணே, உங்களுக்கு நிஜத்தில் எத்தனை நாளில் பணம் வருது? அதுவரைக்கும் எப்படிச் சமாளிக்கிறீங்க?” அவர் வாய் திறந்தால் நடைமுறை மூலதனம் (தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம்) பற்றி ஒரு செமஸ்டர் பாடம் கிடைக்கும். திருப்பூர், கரூர், சிவகாசி என எந்த ஊர்க் கல்லூரிக்கும் இப்படி ஆள் உண்டு. கடையை மூடியவர்களையும் கூப்பிடுங்கள். மேடையில் பேச மாட்டார்கள், ஆனால் டீ குடித்துக்கொண்டே நிறையச் சொல்வார்கள்.

சரி, கிளப்பில் யாரோ ஒருவருக்கு யோசனை வந்துவிட்டது. கேன்டீனில் வரிசை நீளமாக இருக்கிறது, முன்பதிவுக்கு ஆப் செய்யலாம். உடனே கூகுள் ஃபார்ம் தயாராகும்: “இப்படி ஓர் ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?” வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தொண்ணூறு சதவீதம் ‘ஆம்’ என்றுதான் வரும். நண்பனுக்கு ‘இல்லை’ என்று யார் போடுவார்கள்? அதற்குப் பதிலாக கேன்டீன் அண்ணாச்சியிடம் ஒரு மதியம் நில்லுங்கள். நேற்று எத்தனை பேர் பரோட்டா தீர்ந்து திரும்பிப் போனார்கள், எவ்வளவு சாதம் மிஞ்சியது என்று கேளுங்கள். வரிசையைவிட மிஞ்சுகிற சாதம்தான் அவருக்குத் தலைவலியாக இருக்கலாம். அப்படியானால் காசு கொடுக்கப் போகிறவர் மாணவர் அல்ல, அண்ணாச்சி. செய்ய வேண்டிய பொருளும் வேறு.

கம்பெனி பதிவு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விசிட்டிங் கார்டில் ‘ஃபவுண்டர் அண்ட் சிஇஓ’ போட ஆசைப்பட்டு இரண்டாம் ஆண்டிலேயே பிரைவேட் லிமிடெட் பதிவு செய்துவிடுகிறார்கள். ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை செய்ய வேண்டும். நிதிக் கணக்கு, ஆண்டறிக்கை என இரண்டு படிவங்களை நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். ஒரு வருடம் மறந்துவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து 73,000 ரூபாய். விற்றுப் பார்க்கும் கட்டத்தில் தனிநபர் தொழிலாகத் தொடங்கினாலே போதும். உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். விதை நிதியோ (தொடக்க காலத்தில் கிடைக்கும் பணம்) முதலீடோ கைக்கு வரும் நிலையில் பிரைவேட் லிமிடெட் பற்றி யோசிக்கலாம். பங்கைச் சமமாகப் பிரித்துக்கொண்ட நான்கு நண்பர்களில் ஒருவர் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை வாங்கிக்கொண்டு போனால் அவர் 25 சதவீதம் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்று வாயே திறக்காமல் இருப்பது. யாரும் திருட மாட்டார்கள், அவரவர் வேலையே அவரவருக்குத் தலைக்கு மேல். அதே பிபிடியை ஊர் ஊராகக் கொண்டுபோய், யோசனையை விளக்கிக் காட்டும் பிட்ச் போட்டிகளில் பரிசு வாங்குவது. நடுவர்கள் கைதட்டுவார்கள், பொருளை வாங்க மாட்டார்கள். வந்துபோன ஃபவுண்டருக்கு மறுநாளே “இன்டர்ன்ஷிப் கிடைக்குமா சார்” என்று முப்பது பேர் மெசேஜ் போடுவது. அதற்குப் பதிலாக, அவர் சொன்னதில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, என்ன ஆனது என்று ஒரு மாதம் கழித்து நாலு வரி எழுதிப் பாருங்கள். அப்படி எழுதுகிறவர்கள் அபூர்வம் என்பதால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

அப்புறம், பதிவேடு. தலைவர், துணைத் தலைவர், டெக் ஹெட், பி.ஆர். ஹெட் எனப் பதவிகள் நிறைய. யார் வந்தார், என்ன சொன்னார் என்ற குறிப்பு மட்டும் எங்கும் இருக்காது. ஜூனியர் பேட்ச் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதே ஃபவுண்டரிடம் அதே கேள்வியைக் கேட்கும். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். அதை யாருடைய சொந்தக் கூகுள் டிரைவிலும் போடாதீர்கள். பல கல்லூரிகளில் படிப்பு முடிந்ததும் மாணவரின் மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுவார்கள், கோப்புகளும் அதோடு போய்விடும். கிளப் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லைப் பேராசிரியர் ஒருவரிடமும் அடுத்த பேட்ச் செயலாளரிடமும் ஏப்ரலுக்குள் ஒப்படைத்துவிடுங்கள்.