ஹாவர்த் போறீங்களா? மொதல்ல சால்ட்டேர்ல இறங்குங்க

இங்கிலாந்துல வெஸ்ட் யார்க்‌ஷயர் போறவங்க நேரா ஹாவர்த் போயி நாவல் எழுதின பிரான்ட்டி சகோதரிகள் வீட்டு வாசல்ல போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுறாங்க. நான் சொல்றது, காலைல சால்ட்டேர் மில், மதியம் ஹாவர்த் வீடு. வரிசை மாத்தாதீங்க, காரணம் பின்னாடி சொல்றேன்.

லீட்ஸ்ல ஸ்கிப்டன் பக்கம் போற ட்ரெயின் புடிச்சா கால் மணி நேரத்துல சால்ட்டேர். டைட்டஸ் சால்ட்னு ஒரு முதலாளி, அல்பாகாங்கிற மிருகத்தோட கம்பளில சம்பாதிச்சவரு, பிராட்ஃபோர்டு புகையே வேணாம்னு 1853ல இங்க மில்லு தொறந்து, வேலைக்காரங்களுக்கு வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, சர்ச்னு ஒரு ஊரையே கட்டிட்டாரு, சாராயக்கடைக்கு மட்டும் எடம் குடுக்கல. பல தெருவுக்கு அவர் புள்ளைங்க பேருதான். மில்லுக்குள்ள இப்ப டேவிட் ஹாக்னி ஓவியங்கள் இருக்கு, உள்ள போக காசு கிடையாது.

அதே லைன்ல கீத்லி. அந்த ஸ்டேஷன்லயே வேற பிளாட்ஃபார்ம்ல ஹாவர்த் போற நீராவி ட்ரெயின் நிக்கும். 1962ல மூடின லைன், ஆர்வலர்கள் சேந்து 1968ல திரும்ப ஓட வெச்சாங்க. தினமும் ஓடாது, டைம்டேபிள் பாத்துட்டு போங்க, இல்லேன்னா பஸ்தான்.

ஹாவர்த்ல ஸ்டேஷன் கீழ, ஊரு மேல, கல்லு பதிச்ச செங்குத்தான தெரு, மூச்சு வாங்கும். வீடு 1928லேருந்து மியூசியம், தெறக்குற நாளை முன்னாடியே பாத்துக்கோங்க. அவங்க உக்காந்து எழுதின மேஜை நடுவுல வித்துப்போயி, இப்ப திரும்ப அங்க வந்திருக்கு. ஜன்னல் வழியா பாத்தா எதுக்க நெருக்கமா கல்லறைங்க. 1850ல பாபேஜ்னு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து குடிதண்ணி, சாக்கடை எல்லாம் பாத்து ரிப்போர்ட் எழுதினாரு, சாவோட சராசரி வயசு 25.8, நூத்துல 41 பேரு ஆறு வயசுக்கு முன்னாடியே போயிருக்காங்க. அந்த சகோதரிகள்ல எமிலி போனது 30 வயசுல, ஆன் 29ல. அந்த ரிப்போர்ட் வந்து மூணு வருஷம் கழிச்சு கொஞ்ச தூரத்துலதான் சால்ட் அந்த மில்ல தொறந்தாரு. அத பாத்துட்டு இங்க வந்தாதான் இந்த ஊரு உறைக்கும்.

தெம்பு இருந்தா டாப் விதென்ஸ்னு மேட்டு மேல இருக்குற பழைய பண்ணை வீட்டுக்கு நடங்க, எமிலியோட 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலோட சேத்துப் பேசுற எடம், போயிட்டு வர மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், வழிப்பலகைல ஜப்பானிய எழுத்து கூட இருக்கும். ஷூ தண்ணி தாங்குற மாதிரி போடுங்க, நான் கேன்வாஸ் ஷூவுல போயி சேத்துல மாட்டினேன். மேல இருக்குறது கூரையில்லாத பாழடஞ்ச வீடு, கதைல வர்ற வீடு மாதிரி இது இருந்ததே இல்ல, எடம் மட்டும் எமிலி மனசுல இருந்திருக்கலாம்னு செவுத்துலயே பலகை மாட்டியிருக்காங்க. அதையும் படிச்சுட்டு எறங்குங்க, இருட்டுறதுக்குள்ள.