கடைசி இருக்கையில் பலவீனமான சீட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் பட்டன் எனப்படும் கடைசி இருக்கையில் அமர்பவருக்கு, ஃபிளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் மேசையில் திறக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி முறை கிடைப்பதால், முன் இருக்கைகளில் தயங்காமல் கீழே போட வேண்டிய சீட்டுகளையும் அவர் சில வேளைகளில் ஆடலாம். ஆனால் இருக்கை மாறியதால் அந்தச் சீட்டுகள் வலுப்பெற்றுவிடுவதில்லை. அவற்றால் வரும் ஆதாயத்தின் பெரும்பகுதி, பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பணயம் வைக்கும் இரு இருக்கைகளில்) இருப்பவர்கள் ஃபோல்டு செய்வதால், அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகுவதால் வருவதே. இதை மறப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

பிளைண்டுகள் 50, 100 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் விலகிய பின் நீங்கள் 250 சிப்புகளுக்கு ரெய்ஸ் செய்தால் (பணயத்தை உயர்த்தினால்), 150 சிப்புகளை வெல்ல 250 சிப்புகளைப் பணயம் வைக்கிறீர்கள். இரு பிளைண்டுகளும் சேர்ந்து 62.5 சதவீதத்துக்கு மேல் ஃபோல்டு செய்தால், கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் அது லாபமே. இந்த வாய்ப்பை விட்டுவிட்டு வெறும் 100 சிப்புகள் போட்டு உள்ளே நுழைவது, பலவீனமான சீட்டுக்கு இருந்த ஒரே பலத்தையும் கைவிடுவதாகும். எந்த ரெய்ஸையும் கால் செய்து (அதே அளவு சிப்பு போட்டு) பார்க்கும் பழக்கமுள்ளவர் பிக் பிளைண்டில் (இரண்டில் பெரிய பிளைண்டில்) இருந்தாலோ, பத்து பிக் பிளைண்டு அளவே சிப்பு மிச்சமுள்ள ஒருவர் ஆல்-இன் போட (இருப்பதை எல்லாம் பணயம் வைக்க) காத்திருந்தாலோ, கணக்கு தலைகீழாகிவிடும். ஆகவே சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பிளைண்டுகளில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

முன்னாலேயே ஒருவர் ரெய்ஸ் செய்திருக்க, இருக்கையை நம்பி கிங்-ஐந்து போன்ற சீட்டுடன் கால் செய்வது இதைவிட மோசமான தவறு. அவரிடம் ஏஸ்-கிங் இருந்தால் நீங்கள் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். ஃபிளாப்பில் கிங் விழுந்தால், நல்ல சீட்டு கிடைத்ததாக எண்ணி மேலும் பணத்தை இழப்பீர்கள்.

இரண்டு சீட்டும் ஒரே சின்னம் என்பதற்காக ஜாக்-நான்கை ஆடுவோரும் உண்டு. ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள்) அமைவது நூற்றில் ஒரு முறைகூட இல்லை. இந்த வகையில் ஆடத்தான் வேண்டுமென்றால், ஸ்டிரெய்ட்டுக்கும் (வரிசையான ஐந்து சீட்டுகளுக்கும்) வழியுள்ள எட்டு-ஏழு எவ்வளவோ மேல்.

உண்மையில் அதிகச் சிப்புகள் கரைவது ரெய்ஸ் செய்த கணத்தில் அன்று. ஒருவர் கால் செய்த பிறகுதான். ஜோடியல்லாத இரு சீட்டுகளுக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது அமைவது மூன்றில் ஒரு முறை அளவுக்கே. மீதி வேளைகளில் ஒரு பெட் போட்டுப் பார்ப்பதில் நியாயம் உண்டு. அதற்கும் கால் வந்த பிறகு, இதுவரை போட்டது வீணாகிவிடுமே என்று டர்னிலும் ரிவரிலும் (நான்காம், ஐந்தாம் பொதுச் சீட்டுகளிலும்) தொடர்வதில் நியாயம் இல்லை. ஜோடி அமைந்தாலும் கிக்கர் (ஜோடிக்குத் துணையான மற்றச் சீட்டு) பலவீனமாக இருந்தால், மூன்று சுற்றிலும் பெட் போட்டுப் பாட்டை (நடுவில் சேரும் மொத்தப் பணயத்தை) பெருக்குவதைவிட, ஒரு சுற்றில் செக் செய்து (பணயம் வைக்காமல் முறையைக் கடத்தி) அடுத்த சீட்டைச் செலவின்றிப் பார்ப்பதே அறிவு. கடைசியாக ஆடுபவருக்கு மட்டுமே உறுதியாகக் கிடைக்கும் இந்தச் சலுகையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது. அமைதியாக ஆடிவந்த ஒருவர் டர்னில் செக் செய்துவிட்டு உங்கள் பெட்டுக்கு மேல் ரெய்ஸ் செய்தால், அந்த ஒற்றை ஜோடியைத் தயங்காமல் கீழே போட்டுவிடுங்கள்.