ஐவிஎஃப் (சோதனைக்குழாய் கருத்தரிப்பு) ஊசியின் டோஸ் மாறும்போது க்ளினிக்கிடம் எப்படிக் கேட்டு உறுதிசெய்வது?

காலையில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்திருக்கும். மாலையில் சிஸ்டர் போன் செய்வார்: "இன்னைக்கு 225 போட்டுக்கோங்க, நாளைக்கு இன்னொரு ஊசியும் ஆரம்பிச்சிடுங்க." நீங்கள் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பீர்கள். பாதிதான் காதில் விழும். டோஸ் ஏறினால் பயப்பட வேண்டாம். முட்டைகள் வளரும் வேகத்தைப் பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கம்தான். சரியாகக் கேட்டுக்கொண்டோமா என்பதில்தான் கவனம் வேண்டும்.

1. முதல் ஊசிக்கு முன்பே

பகலில் ஒரு எண், க்ளினிக் மூடிய பிறகு ஒரு எண், இரண்டையும் வாங்கிவிடுங்கள். "ராத்திரி 9 மணிக்கு மருந்து கொட்டிப்போனால் யாரைக் கூப்பிடுவது?" என்றே கேளுங்கள். தைராய்டு, சர்க்கரை மாத்திரை, சித்த மருந்து எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

2. போன் வரும்போது

மருந்தின் பெயர், அளவு, தேதியும் நேரமும், எத்தனை நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். "பழைய ஊசியைத் தொடரணுமா, நிறுத்தணுமா?" என்பதையும் கேளுங்கள். பலரும் கோட்டைவிடுவது இதில்தான்.

3. கேட்டதைத் திருப்பி எழுதி அனுப்புங்கள்

வாட்ஸ்அப்பில் இப்படி (எஃப்எஸ்எச் முட்டைகளை வளர்க்கும் ஊசி; செட்ரோரெலிக்ஸ் முட்டைகள் முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் ஊசி):

"வணக்கம் சிஸ்டர். ஃபைல் எண் ____. நீங்கள் போனில் சொன்னது: எஃப்எஸ்எச் ஊசி 150 யூனிட்டிலிருந்து 225 யூனிட், இன்று செவ்வாய் இரவு 8 மணி முதல். செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி., நாளை புதன் காலை 8 மணி முதல் தினமும். தைராய்டு மாத்திரை வழக்கம்போல. அடுத்த ஸ்கேன் வெள்ளி. சரிதானே?"

ஊசி நேரம் நெருங்கியும் பதில் இல்லையென்றால் கூச்சப்படாமல் போன் செய்யுங்கள். தொந்தரவாக நினைப்பார்களோ என்ற தயக்கம் இங்கே உதவாது.

4. யூனிட்டா, மி.லி.யா?

அளவை எண்ணாக மட்டும் வாங்காதீர்கள். சில ஊசிகளை இன்சுலின் சிரிஞ்சில் போடச் சொல்வார்கள். நம் கடைகளில் அது இரண்டு வகை: சிவப்பு மூடியில் 40 என்ற கோடு வரை ஒரு மி.லி., ஆரஞ்சு மூடியில் 100 என்ற கோடு வரை ஒரு மி.லி. "20 வரைக்கும் எடுங்க" என்றால் முதலாவதில் 0.5 மி.லி., இரண்டாவதில் 0.2 மி.லி. இரண்டரை மடங்கு வித்தியாசம்! சிரிஞ்சைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இதில் எந்தக் கோடு வரை?" என்று கேளுங்கள். மருந்துக்கடையில் "அதே மருந்துதான், கம்பெனி வேற" என்று கொடுத்தாலும் பெட்டியின் படத்தை அனுப்பிக் கேட்ட பிறகே போடுங்கள்.

5. ட்ரிகர் ஊசி

எடுப்பதற்கு முன் முட்டைகளை முழுதாக முதிரவைக்கும் கடைசி ஊசி இது. இதற்கு நேரம்தான் உயிர். முட்டை எடுப்பது இதிலிருந்து 34–36 மணி நேரத்தில். "வியாழன் ராத்திரி 12 மணி" என்றால் எந்த இரவு? "வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் 12 மணிதானே?" என்று கேட்டுவிடுங்கள். தாமதமாகிவிட்டால் உடனே போன் செய்து, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். முட்டை எடுக்கும் நேரத்தை அவர்கள் மாற்ற முடியலாம். ட்ரிகர் மட்டுமல்ல, எந்த ஊசி விட்டுப்போனாலும் கேட்காமல் இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

6. மெசேஜ் போதாத நேரம்

வயிறு வேகமாக உப்புவது, கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது — இதில் எது வந்தாலும் வாட்ஸ்அப்பில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஃபைலோடு கிளம்பிவிடுங்கள்.