ஓடைகளையும் வெள்ளச் சமவெளிகளையும் மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் நெல்வயல்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே ஓடும் சிற்றாறுகளின் நிலையை அறிய, பள்ளிக் கழகங்களும் கம்பத்து மக்களும் தாமாகவே முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. அண்டை மாநிலமான கெடாவுடன் எல்லையாக ஓடும் சுங்கை மூடா ஆற்றையே பினாங்கு தன் குடிநீருக்குப் பெரிதும் நம்பியிருப்பதால், இம்மதிப்பீடு வெறும் பொழுதுபோக்கு அன்று. ஆயினும், எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்பதில் ஏற்படும் சில தவறுகள் அந்த உழைப்பைப் பயனற்றதாக்கிவிடுகின்றன.

அவற்றுள் மிகப் பரவலானது, பாலத்தின் மேல் நின்று பார்த்துவிட்டு முழு ஓடைக்கும் தீர்ப்பு எழுதுவது. பாலம் கட்டப்பட்ட இடத்தில்தான் ஓடை மிகுதியாக மாற்றப்பட்டிருக்கும்: கரையில் சிமென்ட் பூசப்பட்டிருக்கும், தூண்கள் நீரோட்டத்தைத் திருப்பியிருக்கும், சாலையில் செல்வோர் எறியும் குப்பையும் அங்கேதான் சேரும். ஓடையின் அகலத்தைப்போல் 20 முதல் 40 மடங்கு நீளத்தைக் கரையோரமாக நடந்து பார்ப்பது பல மதிப்பீட்டு முறைகளில் உள்ள வழக்கம். நான்கு மீட்டர் அகலமுள்ள ஓடைக்கு அது 80 முதல் 160 மீட்டர்தான் ஆகும்.

அடுத்தது, நீரின் தரத்தையே ஓடையின் நலமாக எண்ணிவிடுவது. மலேசியச் சுற்றுச்சூழல் துறை பயன்படுத்தும் நீர்த்தரக் குறியீடு, கரைந்த உயிர்வாயு (ஆக்சிஜன்), உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), வேதி ஆக்சிஜன் தேவை (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், நீரில் கலந்து மிதக்கும் நுண்திடப்பொருள், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஆகிய ஆறையும் சேர்த்து ஓர் எண்ணாகத் தருகிறது. 81உம் அதற்கு மேலும் தூய்மை, 60 முதல் 80 வரை சிறிதளவு மாசு, 60க்குக் கீழ் மாசு எனப் பொருள். பயனுள்ள எண்தான், ஆனால் கரை சரிந்திருப்பதையோ மீன்கள் ஒதுங்க நிழலில்லாததையோ அது சொல்லாது, பூச்சிமருந்தும் கன உலோகமும் அதன் கணக்கில் வாரா. அளக்கும் நேரத்திலும் பிழை நேர்கிறது. 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் உயிர்வாயுவைத்தான் கரைத்து வைத்திருக்கும். பாசி மண்டிய வாய்க்காலில் பிற்பகல் வெயிலில் அதைவிடக் கூடுதலான அளவு பதிவாகி, விடியற்காலையில் மீன்கள் மூச்சுத்திணறும் அளவுக்கு அது இறங்கிவிடுவதுண்டு. பிற்பகலில் மட்டும் அளந்தவர் நோயுற்ற ஓடையை நலமானது என்று எழுதிவிடுவார்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, கரையோடு கண்ணை நிறுத்திக்கொள்வதே. வெள்ளம் வரும்போது நீர் பரவி நிற்கும் தாழ்நிலமும் ஆற்றின் உடலே ஆகும். நீர் அங்கே வேகம் தணிந்து, வண்டலை இறக்கி, மெல்ல நிலத்தடிக்குச் செல்கிறது. வாய்க்காலை ஆழமாகத் தோண்டியதாலோ மணல் அள்ளியதாலோ நேராக்கியதாலோ ஓடையின் படுகை தாழ்ந்துவிட்டால், சாதாரண மழைவெள்ளம் சமவெளியைத் தொடாமல் வாய்க்காலுக்குள்ளேயே சீறிப் பாய்ந்து கரையை அரிக்கும். இதை மேலிருந்து பார்ப்பவருக்கு 'வெள்ளமே வராத நல்ல ஓடை' என்று தோன்றும்; உண்மையில், கீழே உள்ள குடியிருப்புகளுக்கு அந்நீர் முன்னிலும் விரைவாகச் செல்கிறது. செங்குத்தான வெறுங்கரை, காற்றில் தொங்கும் வேர்கள், ஓடைக்குள் சாய்ந்த மரங்கள், அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வடிகால் குழாயின் வாய் ஆகியவை படுகை இறங்கியதற்கான அடையாளங்கள். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தை நினைவில் வைத்திருப்போர், தம் பகுதியில் நீர் எதுவரை வந்தது என்பதைச் சுவரிலோ தூணிலோ காட்ட முடியும். அவர்களிடம் கேட்காமல் எழுதப்படும் அறிக்கை குறையுள்ளதே. அவ்வெள்ளத்துக்குப்பின் மண் கொட்டி உயர்த்தப்பட்ட மனைகள் எவை, ஆற்றுக்கென ஒதுக்கிய கரையோர நிலத்தில் செம்பனை நிற்கிறதா என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

ஒப்பீட்டிலும் கவனம் தேவை. புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தோக்குன் காட்டில் பாறைகளின்மேல் தெளிந்து ஓடும் நீரை அளவுகோலாக வைத்துக்கொண்டு, கடலோரச் சமவெளியின் சேற்று ஓடையைக் கெட்டது என்பது முறையன்று. சமவெளி ஓடைக்குச் சேறும் மெதுவான ஓட்டமும் இயல்பு. சதுப்புநிலத்திலிருந்து வரும் தேநீர் நிற நீரும் மக்கிய இலைகளால் நிறம்பெற்றதே. அதைக் கழிவுநீர் எனப் பதிவுசெய்யக் கூடாது. நீர்ப்பூச்சிகளைத் தேடுவோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும். கல்லுக்கடியில் வாழும் சில இனங்கள் சேற்று ஓடையில் இல்லாதது மாசுக்குச் சான்றாகாது. உயிர்வாயு குறைந்த சேற்றைத் தாங்கும் செம்புழுக்கள் மட்டுமே கிடைத்து வேறெதுவும் இல்லையென்றால் கவலைப்படலாம்.

அழகுக்கும் நலத்துக்கும் இடையே குழப்பிக்கொள்வதும் உண்டு. விழுந்த மரமும் கரையை மூடிய புதரும் 'அசுத்தம்' என்று குறைந்த மதிப்பெண் பெறுகின்றன. ஆனால் மீன்குஞ்சுகளுக்கு அவையே புகலிடம். பாலத்தையோ மதகையோ அடைக்காத வரை அந்த மரம் அங்கேயே கிடக்கட்டும்.

சுங்கை பிறை, சுங்கை ஜூரு ஆகியவற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு நாளைக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தின்போது எடுத்த நீரில் மேலாற்றின் மாசு நீர்த்துத் தெரியக்கூடும்; மேலும், உப்புநீர் கனமானதாகையால் அடியில் தங்கும்; மேல்மட்டத்தில் மட்டும் அளந்தால் அது தெரியாது. வறண்ட ஜனவரி, பிப்ரவரியிலும் மழை மிகுந்த அக்டோபர், நவம்பரிலும் அதே இடத்துக்குச் செல்வது இன்றியமையாதது. கனமழைக்குப் பின் உடனே நீரில் இறங்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் உயிருக்கே ஆபத்தானது.

அறிக்கையில் 'நல்லது', 'மோசம்' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், நாள், நேரம், கடைசியாகப் பெய்த மழை, கடல் ஏற்றமா இறக்கமா, படம் எடுத்த இடம், எத்திசை நோக்கி எடுத்தது என்பனவற்றை எழுதி வைத்தால், வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம் கொடுக்கும்போது, அவர்கள் அதே இடத்துக்கு வந்து அதே கரையைத் தங்கள் கண்ணால் சரிபார்க்க இயலும்.