முதல் கோல்ஃப் ஹேண்டிகேப்: சராசரி போட்டால் தப்பு

ஹேண்டிகேப் என்பது கோல்ஃப் ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண்; அதுவும் சரி, ஸ்கோரும் (மொத்த அடிகள்) சரி, குறையக் குறைய நல்லது. மூன்று ரவுண்டு ஆடினேன், 108, 112, 115, சராசரி கிட்டத்தட்ட 112, பார் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகள்) 72, ஆக என் ஹேண்டிகேப் 40. நானும் முதலில் இப்படித்தான் கணக்குப் போட்டேன். இதே ஸ்கோர்களுக்குச் சரியான விடை 32.7 ஆகவும் இருக்கலாம்.

முதல் தப்பு, பாரிலிருந்து எண்ணுவது. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் பாருக்கு அங்கே வேலையில்லை. ஸ்கோரிலிருந்து நீங்கள் ஆடிய டீயின் (முதல் அடி அடிக்கும் இடம், நிறம் வைத்துப் பிரித்திருப்பார்கள்) கோர்ஸ் ரேட்டிங்கை, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோரைக் கழித்து, மிச்சத்தை 113ஆல் பெருக்கி, ஸ்லோப் ரேட்டிங்கால் (தேர்ந்தவரைவிட சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த டீ எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) வகுக்க வேண்டும். ரேட்டிங் 71.2, ஸ்லோப் 120 என்றால் 108க்கு 34.7 வரும், 112க்கு 38.4, 115க்கு 41.2. வெள்ளை டீயில் ஆடிவிட்டு நீல டீயின் எண்களைப் போட்டால் எல்லாமே கோணல். (அன்றைக்கு மழை, காற்று என்று மைதானம் படுத்தியிருந்தால் அதற்கும் ஒரு சிறு திருத்தம் உண்டு, அதை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்.)

அப்புறம் சராசரி. ஹேண்டிகேப் நீங்கள் வழக்கமாக எப்படி ஆடுகிறீர்கள் என்று கேட்பதில்லை, நல்ல நாளில் எவ்வளவு நன்றாக ஆடுவீர்கள் என்று கேட்கிறது. அதனால் மூன்று ஸ்கோர் மட்டும் இருக்கும்போது ஆகக் குறைந்த ஒன்றை எடுத்து அதிலிருந்தும் 2 கழிப்பார்கள்: 34.7 போய் 32.7. நாலாவது ஸ்கோர் வந்ததும் கழிவு 1 ஆகிவிடும், ஐந்தாவதில் கழிவே கிடையாது. இங்கேதான் பலர் பதறுகிறார்கள், ஏனென்றால் நாலாவது ரவுண்டில் 113 அடித்து, அதாவது மூன்றாவதைவிட நன்றாகவே ஆடியும், எண் 33.7க்கு ஏறியிருக்கும்! ஆட்டம் கெடவில்லை, கழிவுதான் குறைந்தது. ஆறு ஸ்கோர் ஆனால் சிறந்த இரண்டின் சராசரியில் 1 கழியும், இப்படியே போய் இருபது சேர்ந்த பிறகு சிறந்த எட்டின் சராசரி.

எல்லா அடியையும் அப்படியே கூட்டுவதும் தப்பு. ஹேண்டிகேப் வாங்காதவருக்கு ஒரு ஹோலில் பாருக்கு மேல் ஐந்துதான் உச்சம். தண்ணீருக்குள் மூன்று பந்தை அனுப்பிவிட்டு பார் 4இல் 12 எடுத்தீர்களா, 9 என்று எழுதுங்கள். இதைக் கவனிக்காமல் மொத்தத்தை அனுப்புகிறவர்கள் தங்களைத் தாங்களே மோசமான ஆட்டக்காரராக்கிக்கொள்கிறார்கள்.

தனியாகப் போய் ஆடியது கணக்கில் சேராது, கூட ஒருவராவது இருக்க வேண்டும். பிடிக்காத அடியை மறுபடி அடித்துக்கொண்ட ரவுண்டும் சேராது. ஆனால் 18 ஹோல்தான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், 9 ஹோல் ரவுண்டும் சேரும், மொத்தம் 54 ஹோல் வந்தால் போதும். ஹேண்டிகேப்பின் உச்ச வரம்பும் 54.0 என்பதால், எவ்வளவு மோசமாக ஆடினாலும் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கிடைத்த 32.7ஐ 33 என்று முழுசாக்கி எல்லா மைதானத்துக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதை வைத்து உங்களுக்குக் கிடைக்கும் அடிச் சலுகை ஒவ்வொரு டீக்கும் மாறும். மேலே சொன்ன அதே டீயில் அந்தச் சலுகை 34 அடி.